கப்பி ரோட்டில் ஒண்டி மாப்பிள்ளை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் என் அக்கா நூர்ஜஹான் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. இன்னொரு கையால் முன் சீட்டில் இருந்த என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

“ஆட்டுடா,” என்றாள்.

“இன்னாத்தக்கா ஆட்றது?”

“வண்டியத்தான். மலையில கப்பி ரோட்டுல போனா எப்டி குலுக்குமோ அப்டி ஆட்டு. நான் தாங்கறனா இல்லியான்னு தெரிய வாணாமா?”

நான் ஆட்டினேன். வேலி ஓரமாக நின்ற கோவிந்தன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். “வடக்கனந்தல் வந்தாச்சு. இங்க தாரு ரோடு, மெதுவா ஆட்டு. கச்சிராயபாளையம். அணை தாண்டியாச்சு. இப்ப ஏத்தம். கல்லு ஜாஸ்தி, நல்லா ஆட்டு தம்பி.”

நல்லா ஆட்டினேன். முதல் வளைவிலேயே அக்கா “யா அல்லா, நிறுத்துடா” என்று கத்தினாள். மலை இன்னும் சரியாகத் தொடங்கவேயில்லை.

அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள், முந்தானையில் முடிந்திருந்த சின்ன முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“சரி. நான் வர முடியாது. ஆனா கருகமணியும் வராது. அத நான்தான் கட்டுவேன். வேற எவளும் கட்டக் கூடாது.”

எங்கள் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கயிறு எடுக்கக் கடைக்குப் போனார். கோவிந்தன் தன் பீடியைத் தேடினார். நான் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

வீட்டம்மாவின் உத்தரவு

போன வாரம் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்ற பெருமையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் வீட்டம்மா ஷரீபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “ஓட்டுன லட்சணத்தையும் எழுதிருங்க. நாலு பேரு உண்மைய தெரிஞ்சிக்கட்டும்,” என்றாள். உத்தரவு. எழுதாமல் இருந்தால் மதியச் சோறு தாமதமாகும்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கருகமணியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணத்தில், ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் நிக்காஹ் முடிந்துவிடும். அதன் பிறகு பெண்கள் இருக்கும் பக்கம், மாப்பிள்ளையின் சகோதரி போய் மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவாள். மாப்பிள்ளைக்கு அதில் வேலை கிடையாது. எட்டிப் பார்த்தால் துரத்துவார்கள்.

எனக்கு ஒரே அக்கா. அம்மா மவுத்தான பிறகு என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள், வந்த நாள் முதலாக அந்தக் கறுப்பு மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு முடிச்சைப் போடுவதற்காகத்தான் இத்தனை வருஷம் என்னை வளர்த்தேன் என்று கேலியாகச் சொல்வாள். கேலி பாதிதான்.

மரம் விழுந்த வாரம்

பெண் வீடு ஆத்தூர். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் சின்னசேலம் வழியாகத் தூங்கி எழுவதற்குள் ஆத்தூர் வந்துவிடும். இரண்டு பஸ் பேசி வைத்திருந்தோம்.

அந்த வாரம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கைத் தனியாகக் கொடு என்று கேட்டவர்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். புளியமரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரோட்டின் குறுக்கே சாய்ந்தன. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் கண்ணுக்கு எட்டிய வரை நின்றதாகச் சொன்னார்கள். சேலம் ரோட்டில் போலீஸ் வேன் தவிர எதுவும் ஓடவில்லை.

அந்த வாரம் எல்லாருக்கும் சிரிக்கும்படி அமையவில்லை. சில ஊர்களில் கூரைகள் எரிந்தன. சில வீடுகளில் போன பிள்ளை திரும்பவில்லை. என் கதை அதன் ஓரத்தில் நடந்த சின்னக் கூத்து. அதைத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமே என்பீர்கள். அடுத்த வாரம் சபர் மாதம் பிறக்கிறது. அந்த மாதத்தில் எங்கள் ஆட்கள் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள். போதாததற்குப் பெண்ணின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, டிரங்க் காலில் வந்து, “வெள்ளிக்கிழம மாப்ள வரலன்னா நாங்க வேற யோசன பண்ண வேண்டியிருக்கும்,” என்றார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். எங்கள் மார்க்கத்தில் பெரியத்தா மகனையும் கட்டலாம். வேற யோசனை என்னவென்று அத்தாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

கீழே ரோடு இல்லை. ஆனால் மலை இருக்கிறது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறி, கருமந்துறை போய், தும்பல் பக்கம் இறங்கினால் ஆத்தூர். அந்தப் பக்கத்தில் மரம் வெட்டிப் போட யாரும் மெனக்கெட மாட்டார்கள். அந்த ரோட்டை மறிக்கத் தனியாக மரம் தேவையில்லை, ரோடே போதும்.

தார்ப்பாயில் போட்ட மேப்

எங்கள் கடை கயிறு, சாக்கு, தார்ப்பாய்க் கடை. திட்டம் போட எல்லாரும் அங்கேதான் கூடினோம். கோவிந்தனின் ஜீப் டயர் இல்லாமல் கல்லின் மேல் நின்றிருந்தது. அதனால் அவர் ஆலோசனை மட்டும் தந்தார். கேட்ட காகிதத்தை அத்தா தேடி எடுப்பதற்குள், புதுத் தார்ப்பாய் ஒன்றை உதறி விரித்து, சாக்பீஸால் மலையையே வரைந்துவிட்டார்.

“இங்கதான் நான் மொத தபா கவுந்தேன். அங்கேர்ந்து ரைட்ல வளைஞ்சா ரெண்டாவது தபா கவுந்த எடம். அத தாண்டினா ஒரு ஓடை. தண்ணி கம்மியா இருந்தா எறங்கு. ஜாஸ்தியா இருந்தா நின்னு யோசி.”

“கவுறாத எடம் எதுனா இருக்கா கோவிந்தா?” என்றார் அத்தா.

“இருக்கு பாய். அத எதுக்கு வரையணும்? அங்க தம்பியே ஓட்டிக்கும்.”

சாக்பீஸ் போட்ட தார்ப்பாயை இனி எவன் வாங்குவான் என்று அத்தா பொருமினார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அதையே வெட்டி என் சாமான்களைச் சுற்றிக் கட்டிவிட்டார். மேப் பத்திரமாக இருக்கும் என்றார். பத்திரமாகத்தான் இருந்தது, என் முதுகுக்குப் பின்னால். வழி பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கி, பின்பக்கம் வந்து குனிய வேண்டும். இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று பேச்சு வந்தது. அத்தா தன் உடம்பைப் பார்த்துக்கொண்டு, “நான் ஏறினா இது மலை ஏறாது,” என்று ஒதுங்கினார். சொல்லிவிட்டுக் கல்லாவுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தார். ஒரே மகனின் கல்யாணத்தைப் பார்க்கப் போவதில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“நான் ஒண்டியாவே போய்க்கிறேன்,” என்றேன். தியாகம் மாதிரி சொன்னேன். உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முன்பொரு முறை லாரிகளுக்குத் தார்ப்பாய் கொடுக்க உளுந்தூர்பேட்டை போயிருந்தபோது, ஓட்டல் வாசலில் ஒரு வெள்ளைக்காரர் பெரிய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பூரி தின்றுகொண்டிருந்தார். புருவத்தில்கூடப் புழுதி. தனியாகவா வந்தீர்கள் என்று யாரோ சைகையில் கேட்டதற்கு, கிழங்கு ஒட்டிய ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அன்று முதல் எனக்கும் ஒரு முறையாவது அப்படி விரல் காட்ட வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்கே அந்த வாய்ப்பு வரும் என்று யார் கண்டது?

எல்லாவற்றுக்கும் கயிறு

புதன்கிழமை முழுக்க வண்டியைச் சோடித்தோம். மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, கிளட்ச் ஒயர், பிளக், கேனில் பெட்ரோல். நிக்காஹ் கோட்டும் தொப்பியும் தனி மூட்டை. சீர் இல்லாமல் மாப்பிள்ளை போகக் கூடாதாம். ஒரு சீப்பு வாழைப்பழம், கல்கண்டு, பேரீச்சம்பழம், புடவைகள். எது சரிந்தாலும் அத்தா இன்னொரு கயிறு போட்டார். கடைசியில் வண்டியில் சாமானைவிடக் கயிறுதான் அதிகம் தெரிந்தது.

“கருகமணி வெச்சாச்சா?” என்று கோவிந்தன் கேட்டார்.

“காலையில அவளே குடுத்துடுவா. பொம்பளைங்க கோவம் எம்மா நேரம்?” என்றார் அத்தா. நானும் தலையாட்டினேன்.

டியூபுக்கு மாற்று வைத்தோம். ஒயருக்கு மாற்று வைத்தோம். அக்கா தெளிவாக, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்ன வார்த்தையை மட்டும் திட்டத்தில் சேர்க்கவேயில்லை. பொம்பளை பேச்சு, போய்விடும் என்று விட்டுவிட்டோம். இந்த மாதிரித் தப்பைச் செய்வதற்கென்றே ஆண்கள் கூடித் திட்டம் போடுவார்கள் போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை, பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினேன். அக்கா என் தலையில் ஓதி ஊதினாள். துணியில் கட்டிய பொட்டலம் ஒன்றைத் தந்து, “இத பொண்ணு கையில குடு. நீ பிரிக்காத,” என்றாள். அத்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சொன்னேன் பார் என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு மறியல் இல்லை

கச்சிராயபாளையத்துக்கு முன்பே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன் நிழலில் அடுப்பு மூட்டிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை மெதுவாக்கினேன். பிறகு முகங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் வடக்கனந்தல் பக்கத்து விவசாயிகள். எங்களிடம் வண்டிக் கயிறு வாங்குகிறவர்கள்.

“இன்னாடா இது, கயிறு கட்ன பொணமாட்டம் வண்டி வருது?” என்று ஒருவர் எழுந்தார். “அடடே, பாய் மவனா! எங்க போய்க்கினு இருக்க?”

“நாளைக்கு எனக்குக் கண்ணாலங்க. ஆத்தூருக்கு.”

“ஒண்டியாவா?”

நான் விரலைத் தூக்கினேன். ஒருவருக்கும் வியப்பில்லை. “பாவம்” என்றார்கள்.

“நாங்க மறிக்கிறது கவர்மெண்ட்ட. மாப்ளய இல்ல,” என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஆறேழு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். இறங்குகிறேன் என்றேன். மாப்பிள்ளை இறங்கக் கூடாது என்று என்னையும் சேர்த்தே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என் கல்யாணத்தில் நடந்த ஒரே ஊர்வலம் அதுதான்.

மலை ஏறினேன். அதுவரை நான் ஓட்டியது ஓட்டுவதே அல்ல என்று தெரிந்துகொண்டேன். உருளைக் கற்கள் டயருக்கு அடியிலிருந்து தெறித்தன. கைப்பிடி என் பேச்சைக் கேட்கவில்லை. கோவிந்தன் முதல் முறை கவிழ்ந்த இடத்தில் மிகவும் ஜாக்கிரதையாகப் போனேன். இரண்டாவது இடத்திலும் அப்படியே. எதுவும் வரையாத நேர் ரோட்டில், நானே ஓட்டிக்கொள்வேன் என்று அவர் சொன்ன இடத்தில், கீழே விழுந்தேன்.

முழங்கை சிராய்த்தது. வாழைப்பழம் பாதி கூழானது. கயிறு மட்டும் ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. மேப்பைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் வந்தால், வழியில் பெய்த தூறலில் மலை முழுக்க அழிந்துபோயிருந்தது.

வெள்ளிமலையில் ஒரு பெண்மணி சாமைக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். கீழே பஸ் ஓடவில்லை, ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று பெரிய செய்தியாகச் சொன்னேன். “பஸ்ஸு வராததுக்கா?” என்று கேட்டு, உள்ளே இருந்த தன் புருஷனையும் கூப்பிட்டு அதை மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். மழைக்காலம் முழுக்க அவர்களுக்குப் பஸ் வராதாம்.

கருமந்துறை வரை நல்ல கப்பி, தும்பல் வரை மோசமான கப்பி. இரண்டுக்கும் வித்தியாசம் என் இடுப்புக்குத்தான் தெரியும். பொழுது சாயும்போது ஆத்தூரில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெரியத்தாவின் மகன்தான் முதலில் பார்த்தான். அவன் முகம் விழுந்ததைப் பார்த்து என் வலி பாதி குறைந்தது.

பொட்டலத்தில் என்ன?

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. சாட்சிகூட அவர்கள் ஊர் ஆட்களே. பிறகு மாமி, அதாவது பெண்ணின் அம்மா, வாசற்படியில் வந்து கேட்டார்.

“கருகமணி எங்க மாப்ள? கட்டறதுக்கு யாரு வந்துருக்காங்க?”

கட்ட யாரும் இல்லை என்றும், பொருள் பொட்டலத்தில் இருக்கிறது என்றும் பணிவாகச் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன். உள்ளே பெண்கள் பிரித்தார்கள். 

மாமி மறுபடி வந்தார். கையில் இஞ்சி மொரப்பா, இரண்டு எலுமிச்சம்பழம், எங்கள் அக்காவின் பழைய துப்பட்டி. “இது என்னா சீரு?” என்றார்.

நிக்காஹ் ஓதி வைத்த ஹஜ்ரத் சமாதானமாக, “கருகமணி மார்க்கத்துல கட்டாயம் இல்லம்மா. நிக்காஹ் கூடிருச்சு,” என்றார்.

“உங்களுக்குக் கூடிருச்சு. வெறுங்கழுத்தா உக்காந்துருக்கறது என் மவ,” என்றார் மாமி. பெரியத்தா, இதுக்குத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தார். யாரோ ஒருத்தி வேறு கருகமணி வாங்கி நானே கட்டுகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று விளக்கத் தெரியாமல் வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டு நின்றேன். அக்காவின் முகம் கண்ணுக்குள் நின்றது.

அப்போது கதவுக்கு உள்ளிருந்து ஒரு குரல். அதுவரை நான் கேட்டிராத குரல்.

“அம்மா, அந்த மொரப்பாவ இங்க குடுங்க. இது வளைஞ்சு வளைஞ்சு மலை ஏறும்போது வாந்தி வராம இருக்கறதுக்கு. எலுமிச்சையும் அதுக்குத்தான். துப்பட்டி புழுதிக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “இத அனுப்பி அவங்க அக்கா என்ன அங்க வரச் சொல்லியிருக்காங்க. அங்கதான் கட்டுவாங்களாம்.”

மாமி, “ரோடு தொறக்கட்டும், பஸ்ஸுல போவ,” என்றார்.

“அதுவரைக்கும் வெறுங்கழுத்தா நான் இங்க உக்காந்துருந்தா, ஊரே வந்து பாத்துட்டுப் போகும். வண்டிதான் இருக்கே.”

வந்த வழி எனக்கு நினைவுக்கு வந்தது. வண்டியில் எவரையும் பின்னால் வைத்து மலை இறங்கியதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியத்தாவின் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “தாராளமா கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

சனிக்கிழமை

சாமான்களை ஆத்தூரிலேயே விட்டுவிட்டோம். மாமி அழுதுகொண்டே வண்டியில் ஏற்றிவிட்டார். ஷரீபா ஏறும்போது மொரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டாள். நான் கைக்குட்டையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டேன். உண்மையை எழுதச் சொல்லி உத்தரவு. ஆகவே எழுதுகிறேன். கருமந்துறைக்கு முன்னால் இறங்கி வாந்தி எடுத்தது நான்தான். பயம். அவள் முதுகைத் தடவிவிட்டு, “மெதுவாவே ஓட்டுங்க, இங்க யாரு வெரட்டறாங்க?” என்றாள். புருஷன் பெண்சாதியாக நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.

அதன் பிறகு நன்றாக ஓட்டினேன். அவள் மேகத்தையும் ஓடையையும் காட்டிக்கொண்டே வந்தாள். ஆத்தூரைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை.

கள்ளக்குறிச்சியில் வண்டிச் சத்தம் கேட்டதுமே அத்தாவும் கோவிந்தனும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அக்கா வாசலில் நின்றாள். முதலில் பார்த்தது ஷரீபாவின் கழுத்தைத்தான். வெறும் கழுத்து. அவளுக்கு முகமெல்லாம் அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது.

“வந்துட்டியாம்மா,” என்று துப்பட்டியை விலக்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தாவை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அக்கா கட்டி முடிச்சைப் போடும் வரை இமைக்கவில்லை. பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “என் புள்ள கண்ணாலத்த நான் பாக்கமாட்டன்னு நெனச்சேன்,” என்றார். நானும் அழுதேன். கோவிந்தன் சும்மா இருக்க முடியாமல் வண்டிக்குக் காற்றடிக்கப் போனார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அக்காவிடம் கேட்டேன். “அவ வந்துருக்கலன்னா இன்னா பண்ணியிருப்பக்கா?”

பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினாள்.

“மூணு பேரும் நாள் பூரா உக்காந்து போறதுக்குத்தான்டா திட்டம் போட்டீங்க. அந்தப் பொண்ணு எப்டி வூடு வந்து சேரும்னு ஒருத்தனாவது பேசனீங்களா? அத நான் போட்டேன்.”